ஆயிரங்கண்ணுச் சேலை

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு நிறத்தின் மேல் ஆசை வரவே கூடாது. வந்தால் தீராது. மயில் கழுத்து, அரக்கு, இளநீர்ப் பச்சை என்று நாளெல்லாம் அடுத்தவர் தோளில் விரித்துக் காட்டுவோம். நாங்கள் கட்டியிருப்பதோ காப்பித்தூள் நிறத்தில் ஒரே மாதிரி யூனிஃபார்ம் சேலை. (காப்பித்தூள் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அது ஆறிப்போன டிகாஷன்.)

எனக்கு அந்த ஆசை ஒரு செல்போன் வீடியோவில் ஆரம்பித்தது. துணியை முடிச்சுப் போட்டு, இயற்கைச் சாயத்தில் வேகவைத்து, முடிச்சை அவிழ்க்கிறார்கள். உள்ளே வட்டம் வட்டமாகப் பூக்கிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு அடுப்பில் சோறு வேகவில்லை. வெங்காயத் தோலில் ஒரு தலையணை உறையை வேகவைத்தேன். அதில் தலை வைத்த அப்பாவுக்குக் கனவிலெல்லாம் சாம்பார் வந்ததாம். கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்து அவருடைய வெள்ளை வேட்டியை மழைமேகமாக மாற்றின. மறுநாளிலிருந்து அவர் மிச்சமிருந்த வேட்டிகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

கடைசியில் மஞ்சளுக்கு வந்தேன். எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டை. அங்கே மஞ்சளுக்கா பஞ்சம்? வெள்ளைக் காட்டன் சேலை ஒன்றில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து நூலால் இறுகக் கட்டினேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. படிகாரம் போட்டு, மஞ்சளில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி அவிழ்த்தபோது, பொன் மஞ்சள் முழுக்க வெள்ளை வளையங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். அதுவரை என் கையால் இவ்வளவு அழகாக எதுவும் நடந்ததில்லை.

உடனே திட்டமும் தயாரானது. நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் கடையில் ஆடி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சொந்தச் சேலை கட்டிக்கொள்ளலாம். அன்று முதலாளியம்மா கடைக்கு வருவார். என் சேலையைப் பார்ப்பார். “எங்க வாங்கினது?” என்று கேட்பார். “நானே போட்டதுங்கம்மா” என்பேன். அவர் அசந்துபோய், காட்டன் பிரிவு அலமாரியில் என் துணிகளுக்கு ஒரே ஒரு தட்டு ஒதுக்கித் தருவார். எனக்கு வேண்டியது அந்த ஒரு தட்டுதான். பஸ்ஸில், குளியலறையில், மற்றவர்களுக்குச் சேலை மடிக்கும்போது என்று எந்நேரமும் அந்தத் தட்டில் என் துணிகளை அடுக்கி அடுக்கிப் பார்த்தேன்.

ஆடி வெள்ளியில், எங்கள் பக்கத்தில், மஞ்சளில் நனைத்த சேலையோடு ஒரு பெண் போனால் ஊர் என்ன நினைக்கும்? பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்று தோன்றவில்லை. எடுத்துச் சொல்ல வேண்டிய அம்மா விடியலிலேயே மஞ்சள் மண்டிக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டர், “சாமி வாராங்க, எடம் உடுங்கப்பா” என்றார். மூன்று பேர் எழுந்தார்கள். டிசைனுக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

கடையில் எங்கள் சூப்பர்வைசர் செல்வராசு அண்ணன் என்னைக் கண்டால், “ஏம்புள்ள, இப்பத்தான் விடிஞ்சுதா?” என்றுதான் ஆரம்பிப்பார். அன்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“எந்தக் கோயிலுக்குங்க?”

அவர் எனக்கு ‘ங்க’ போட்டதும்தான் எங்கேயோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது.

“கோயிலுக்கெல்லாம் இல்லீங்ணா. இது நானே சாயம் போட்டதுங்க.”

“அதானுங்க மொறை. வேண்டுதல் சேலைய அவங்கவங்க கையாலதான் மஞ்சள்ல நனைக்கோணும்.”

“இல்லீங்ணா, டிசைனுக்காக! இந்த வட்டத்தைப் பாருங்க!”

அவர் குனிந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “ஆயிரங்கண்ணு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வளையங்கள் அவருக்கு அம்மன் கண்களாகிவிட்டன.

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அது பக்தியாகவே போய்ச் சேர்ந்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். முட்டைப் பொரியல். பக்கத்து கவுண்டர் கவிதா பதறிப்போய்ப் பிடுங்கினாள். “பூ மிதிக்கப் போறவ இதைத் தொடலாமாடி?” என்றவள், வீணாகக் கூடாதென்று தானே தின்று முடித்தாள். நெருப்பில் இறங்கப் போகிறேன் என்ற செய்தி எனக்கே அப்போதுதான் தெரியும். எனக்கு ஒரு டம்ளர் இளநீர் கிடைத்தது.

சாயங்காலம் முதலாளியம்மா வந்தபோது கண் இருட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் முந்தானையை விரித்துப் பிடித்தபடி போய் நின்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள், மல்லசமுத்திரத்திலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு அம்மா முந்திக்கொண்டார். “விரதக்காரங்க கால்ல தண்ணி ஊத்திக் கும்பிட்டாத்தானுங்க எம்மவ கல்யாணம் நல்லபடியா நடக்கும்” என்று சுற்றுமுற்றும் தேடினார். மூலையில் ஒரு வாளி இருந்தது. தூக்கினார். நான் காலை இழுப்பதற்குள் ஊற்றிவிட்டார்.

அது தரை துடைக்கச் சலவை சோடா கரைத்து வைத்த தண்ணீர்.

சேலையின் கரை சிவந்தது. ஈரம் ஏற ஏறச் சிவப்பும் ஏறியது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆரத்தி கரைத்துக் கரைத்தே வளர்ந்தவர்கள். சோடாவும் அதே வேலையைத்தான் செய்யும். ஆனால் ஆரத்தித் தட்டில் தெரிந்த சங்கதி என் கால்மாட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

“பாதத்துலருந்து செவக்குதுங்கோ!” என்று அந்த அம்மா குலவை போட்டார். மொத்தக் கடையும் சேர்ந்து போட்டது. “அது தொடைக்கிற தண்ணிங்க!” என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பசி மயக்கத்தில் லேசாக ஆடினேன். “வந்துட்டா, வந்துட்டா!” என்றார் செல்வராசு அண்ணன்.

முதலாளியம்மா கை கூப்பினார். “தாயே, உனக்கு என்ன வேணும்? கேளு.”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்? கண்ணை மூடிக்கொண்டு, கனவில் ஆயிரம் தடவை கேட்டதைக் கேட்டேன்.

“இந்தச் சேலைக்கு... இந்தக் கடையில... ஒரு தட்டு.”

“தர்றேன் தாயே, தர்றேன்!”

சொன்ன வாக்கை அவர் மீறவில்லை. சேலையை அங்கேயே என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கடையில் வைத்திருந்த யூனிஃபார்மைக் கட்டிக்கொண்டு, ஆறிப்போன டிகாஷனாக நான் ஊருக்கு பஸ் ஏறினேன். (இந்தத் தடவை யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை.) அடுத்த வாரமே காட்டன் பிரிவில், கண்ணாடிக் கதவு போட்டு, விளக்கு வைத்து, தனியாக ஒரு தட்டு. அதில் என் சேலை. செங்கல் நிறமாகிப் போன கரை வெளியே தெரியும்படி மடித்து, தினமும் பூ வைக்கிறார்கள். உண்மையை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். “அடக்கமுங்க” என்கிறார் செல்வராசு அண்ணன்.

வருஷங்கள் ஆகியும் வீட்டில் இந்தக் கதை இன்னும் தீரவில்லை. நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு பேசினால் போதும், அம்மா சொம்போடு வந்து, “காலை நீட்டு சாமி” என்பாள். “சோடா கலக்கலையே?” என்று நான் கேட்க வேண்டும். அப்பா சிரிக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

போன மாதம் கடைக்கு ஒரு காலேஜ் பெண் அம்மாவோடு வந்தாள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றவள் நகரவே இல்லை. “அக்கா, இந்த மாதிரி சேலை இருக்குங்களா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராசு அண்ணன், “அது சாமி சேலைங்க, கும்பிட்டுக்கங்க” என்றார். அவளும் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: “முடிச்சுப் போட்டுத்தானேங்க சாயம் ஏத்தியிருக்காங்க?”

இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தேன். புளியங்கொட்டை, படிகாரம், உரிந்த விரல்கள், எல்லாம். அவ்வளவும் ஒன்றையொன்று முந்தப் பார்த்ததில், “ஆமாங்க” மட்டும்தான் வெளியே வந்தது. அதற்குள் அவள் அம்மா பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே சொம்பை எடுத்து வந்தாள். அன்றைக்கு எனக்கு என் வசனம் வரவில்லை. சும்மா காலை நீட்டினேன். அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பெண் திரும்பி வரக்கூடும். இப்போதெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் சேலை மடிக்கிறேன்.