ஈக்வலைசருக்குச் சந்தனம் வைத்தவள்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தப்புதான் செய்திருக்கிறேன். (மற்றதெல்லாம் என் நாத்தனார் சொல்வது. அதை விடுங்கள்.) அந்த ஒன்றையும் ஆறு குழாய் ஸ்பீக்கர் வைத்து ஊருக்கே கேட்கிற மாதிரி செய்தேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

எங்களுக்கு ஊர் வடக்குத்து. எங்கள் வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருந்தார். காது குத்து, மஞ்சள் நீர், கருமாதி என்று சுத்துப்பட்டில் எங்கள் குழாய் கட்டாத மரம் கிடையாது. ஆனால் பக்கத்திலேயே இருக்கிற நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. குவார்ட்டர்ஸ்காரர்களுக்குச் சத்தம் கேட்டால் மட்டும் போதாதாம், நன்றாகவும் கேட்க வேண்டுமாம்.

அதற்காகவே அவர் பாண்டிச்சேரிக்குப் போய், கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து மிக்சர் வாங்கி வந்தார். எல்லா மைக் ஒயரும் வந்து சேருகிற பெட்டி அது. கூடவே ஈக்வலைசர் என்று இன்னொரு பெட்டி. அதில் வரிசையாகப் பத்துக் கம்பி, மேலே தள்ளலாம், கீழே இழுக்கலாம். இடது கோடியில் தவில் மாதிரி கனத்த சத்தம், வலது கோடியில் ஜால்ரா மாதிரி மெல்லிய சத்தம். ஒரு ஹாலில் எந்தச் சத்தம் திரும்பி வந்து கூவுகிறதோ, அதற்குரிய கம்பியைக் கீழே இழுத்துவிட வேண்டும். (இன்றைக்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். அன்றைக்கு இதில் ஒரு எழுத்து தெரியாது. நான் படித்ததே மூணாங் கிளாஸ்.)

எண்பதுகளில் ஒரு ஆயுத பூஜைக்கு டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் செக்ரட்டரி எங்களைக் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், கறாரான ஆள். இன்றைக்கு நன்றாக அமைந்தால் வருஷம் பூராவும் பிளாக் விசேஷம் எல்லாம் உங்களுக்கே, இல்லையென்றால் பழைய ஆளையே கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். நான் அதில் பாதியை மட்டும் சொந்தக்காரர்கள் காதில் போட்டு வைத்தேன். நல்ல பாதியை.

முதல் நாளே இவர் ஹாலுக்குப் போய்விட்டார். சிமெண்டு ஷீட்டுக் கூரை. 'ஹலோ ஹலோ' என்று பாதி நாள் கத்தி, ஒவ்வொரு கம்பியாக இழுத்து இழுத்துச் சரி பண்ணினார். மறுநாள் காலையில் நான் தாம்பாளத்தோடு போனேன். ஊரில் லாரிக்கும் லேத்துக்கும் பூஜை போடும்போது எங்கள் சோறு போடுகிற பெட்டிக்குப் போட வேண்டாமா? இவர் டீ குடிக்கப் போயிருந்தார். மிக்சரின் நெற்றியில் ஒரு பொட்டு. ஆம்பிளிபயருக்கு ஒரு பொட்டு. ஈக்வலைசரைப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஒரு கம்பி மேலே, ஒன்று பாதியில், நாலைந்து அடியில் கிடந்தன.

நிறைந்த நாளில் எதுவும் குறைவாக இருக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். பூஜையன்று எங்கள் வீட்டில் உப்பு ஜாடி முதல் தண்ணீர்க் குடம் வரை தளும்பி நிற்கும். பத்துக் கம்பியையும் உச்சிக்கு ஏற்றி ஒரே நேராக நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். (கெட்டியாகத்தான் வைத்தேன். கஞ்சத்தனம் நமக்கு வராது.) கண்ணுபட்டுவிடப் போகிறதே என்று மேலே துண்டைப் போட்டு மூடினேன்.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. இவர் மிக்சர் முன்னால் உட்கார, நான் புதுப் புடவையில் பக்கத்து நாற்காலியில். செக்ரட்டரி சம்சாரம் கடவுள் வாழ்த்துப் பாட வந்தார். ஒரு மாசம் பழகிய பாட்டாம். வாயைத் திறந்தார். குழாய் ஆறும் சேர்ந்து ஊளையிட்டதே பார்க்கணும். இரண்டாவது வரிசையில் ஒருத்தர் சுரங்கத்து ஷிப்ட் சங்குதான் ஊதுகிறது என்று டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

இவர் பாட்டு மைக்கின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் துண்டை எடுத்தார். கம்பியை இழுத்தார். வரவில்லை. காலையில் வைத்த சந்தனம் சந்துக்குள் இறங்கிக் காய்ந்து கல்லாகி இருந்தது. மேசையில் இவர் 'ஹலோ' சொல்கிற மைக் ஒன்று திறந்திருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

"யாரு இதுக்குச் சந்தனம் வெச்சது?" என்றார். ஹால் முழுக்கக் கேட்டது.

"நாந்தாங்க. நல்ல நாளும் அதுவுமா கொறையா கெடந்துச்சு. அதான் ஏத்திவுட்டேன்." அதுவும் கேட்டது. ஹாலுக்கு வெளியே தெருவிலும் கேட்டதாம்.

சனம் சிரித்த சிரிப்புக்கு மிக்சர் தேவைப்படவில்லை. செக்ரட்டரி முகம் மட்டும் இறுகிப்போய் இருந்தது. பழைய ஆளுக்குச் சொல்லி அனுப்பச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் சம்சாரம் மேடையைவிட்டு இறங்கி வந்து, தன் கொண்டை ஊசியை உருவி என் கையில் கொடுத்தார். "நீங்க சுரண்டுங்கக்கா. நான் பாடிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

இவர் ஹால் நடுவில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். அந்த அம்மா முதல் அடியைப் பாட, நான் சுரண்ட, இவர் கையால் 'எறக்கு, இன்னும் எறக்கு' என்று காட்டினார். பத்துக் கம்பிக்குப் பத்துத் தடவை அதே அடி. ஏழாவது கம்பிக்குள் ஹாலில் இருந்த குழந்தைகள் எல்லாம் கூடவே பாட ஆரம்பித்துவிட்டன. பதினோராவது தடவை முழுப் பாட்டும் கண்ணாடி மாதிரி கேட்டது.

முடிந்ததும் செக்ரட்டரி வந்தார். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டேன்.

"அடுத்த விசேஷம் பொங்கலுக்கு. மைக் செட் வரட்டும்" என்றார் இவரிடம். என் பக்கம் திரும்பி, "சந்தனம் வர வேணாம்."

அன்றிலிருந்து ஆயுத பூஜைக்கு முதல் நாள் இவர் ஈக்வலைசரை வேட்டியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றி, ஏணியையும் எடுத்து ஒளித்துவிடுவார். எங்கள் வீட்டில் யார் குரல் உயர்ந்தாலும், மருமகளாகட்டும் பேரனாகட்டும், உடனே ஒருத்தர் கேட்பார்: "யாரு சந்தனம் வெச்சது?"

இப்போது இவருக்குக் காது மந்தம். டாக்டர் சின்னதாக ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார். போன ஆயுத பூஜையன்று காலை அதை மாட்டினதும் 'கூய்' என்று கூவியது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் சந்தனம் வைக்கவில்லை, சத்தியம். (குங்குமம் மட்டும் ஒரு புள்ளி.)