இரவல் வலை

மீன் செத்ததுகூடப் பெரிதில்லை. அந்தத் தொட்டியில் முங்கி எழுந்த வலையும், தண்ணீர் உறிஞ்சும் குழாயும் மாடிக்காரரிடம் இரவல் வாங்கியவை. அதுதான் அச்சகத்தில் பிழை திருத்தும் புரூஃப் ரீடரின் கவலை.

மாடிக்காரர்தான் வீட்டின் சொந்தக்காரர். மீன் என்றால் உயிரை விடுவார். அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இவர் மகளின் பள்ளிக்கூடமோ பக்கத்துத் தெருவில். இந்த நேரம் பார்த்து வலையோடு வியாதியும் மாடி ஏறினால், இவர்கள் பெட்டி படுக்கையோடு தெருவில் இறங்க வேண்டியதுதான்.

மீன் மேல் வியாதியின் வெள்ளைப் புள்ளிகளை முதலில் கண்டுபிடித்ததும் புரூஃப் ரீடர்தான். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு புள்ளி இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. மிச்சமிருந்த இரண்டு மீன்களும் இப்போது ஒரு வாளியில் மருந்துத் தண்ணீரில் தெம்பாக நீந்திக்கொண்டிருந்தன.

மீன் கடைக்காரர் போனில் வழி சொன்னார்.

"ஒரு பக்கெட் தண்ணிக்கு பிளீச்சிங் பவுடர் ஒரு ஸ்பூன். சாமானை மட்டும் கொஞ்ச நேரம் ஊற வச்சு, நல்லா அலசி, வெயில்ல காயப் போடுங்க."

ஒரு ஸ்பூனுக்கு எந்தக் கிருமி பயப்படும்? இரண்டு கை அள்ளிப் போட்டு, வலையை முக்கிவிட்டு ஆபீஸ் போனார். திரும்பி வந்தபோது கிருமி செத்திருந்தது. நீல வலை வெள்ளை வலையாகியிருந்தது.

மாடிப்படியில் மாடிக்காரர் எதிர்ப்பட்டார்.

"சார், உங்க வலை..."

"அவசரமே இல்ல. மெதுவா குடுங்க." சிரித்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

"என்னைக்கும் நின்னு அரை மணி நேரம் மீன் கதை பேசற மனுஷன், இன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை. மோப்பம் பிடிச்சுட்டாரு," என்றார் மனைவியிடம்.

குழாய்க்காவது பிளீச்சிங் வேண்டாம் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டார். அது சுருண்டு ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, இதுல இனிமே தண்ணி எடுக்க முடியாது. வேணும்னா வளையலா போட்டுக்கலாம்," என்றாள் மனைவி.

"வலையையாவது காப்பாத்தணும். அந்த சொட்டு நீலத்தை எடு."

பாட்டிலைக் கவிழ்த்ததில் வலை நீலமானது. முழங்கை வரை அவரும் நீலமானார். வெயிலில் காயப் போட வேண்டுமே! மறுநாள் காலை மொட்டை மாடியில், மாடிக்காரர் கண்ணில் படாதபடி, கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே வலையை மாட்டிவிட்டு நிம்மதியாக இறங்கினார்.

அந்த நிம்மதி சாயங்காலம் வரை நீடித்தது.

கதவைத் திறந்தால் மாடிக்காரம்மா. கையில் விரித்துப் பிடித்த வெள்ளைப் போர்வை. அதன் நடுவில் கைப்பிடியோடு நீல வலை, ஒரு கண்ணிகூட விடாமல் பதிந்திருந்தது. அவ்வளவு சுத்தமான அச்சை அவர் ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை.

"என்ன தம்பி இது?"

மனைவி குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்து என்ன பயன்? அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"அக்கா, எங்க மீனுக்கு வியாதி. உங்க வலையை அதே தொட்டியிலதான் போட்டேன். அது உங்க மீனுக்கு ஒட்டிக்கக் கூடாதேன்னுதான் இத்தனை பாடும். உங்க போர்வையை நானே துவைச்சுத் தர்றேன். சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

மாடிக்காரம்மா போர்வையில் இருந்த வலையை மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எங்க மீனெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்து போன மாசமே போயிடுச்சே தம்பி! இந்த வலையைக் குப்பையில போடுங்கன்னு சொன்னா, அந்த மனுஷன் உங்களுக்கா குடுத்தாரு?"