சிவநேசனின் குடும்பப் பெயர்ப் படலம்

தன் வீட்டுக்கு ஒரு குடும்பப் பெயர் இல்லாமல் போனால் மானம் போய்விடும் என்று சிவநேசன் முடிவெடுத்தது ஜெர்மனியில்.

ஷா ஆலத்தில் இரும்புச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவனுக்குத் தரம் பார்க்கும் வேலை. ஒரு வாரப் பயிற்சிக்குக் கம்பெனி அனுப்பி வைத்தது. போய் இறங்கினால் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'மிஸ்டர் ஏ.எல்.' என்று இருந்தது. சிவநேசன் ஏ/எல் கன்னையா என்றால் கன்னையாவின் மகன் சிவநேசன் என்று நம் ஊரில் யாருக்கும் தெரியும். ஜெர்மன்காரனுக்கு எப்படித் தெரியும்? குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. நடுவில் இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டான்.

"மிஸ்டர் ஆல்!" என்று முதல் நாள் கூப்பிட்டார்கள். யாரையோ என்று சிவநேசன் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் நாளும் திரும்பிப் பார்த்தான். மூன்றாம் நாள் எழுந்து நின்றான். அப்படி நின்றதைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

கிள்ளான் வீட்டுக்கு வந்து பெட்டியைக் கீழே வைக்குமுன் சொன்னான்.

"மலர், பொறக்கப்போற பிள்ளைக்கு இந்தக் கதி வரக்கூடாது. நமக்குன்னு ஒரு சர்நேம் வேணும். தலைமுறை தலைமுறையா நிக்கணும்."

ஏழு மாத வயிற்றோடு மலர்விழி இட்லி மாவை டப்பாக்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்று புளோக் அடுக்குமாடிக்கும் அவள் மாவுதான். ஒவ்வொரு மூடியிலும் அவள் பெயர் போட்ட ஸ்டிக்கர், கீழே போன் நம்பர்.

"வைங்களேன்," என்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

பெண் பிறந்தாள். அமுதினி என்று பெயர் வைப்பதில் சண்டையே இல்லை. அமுதினிக்குப் பின்னால் என்ன என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. அறுபது நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் அந்தக் கடிதம், இந்தச் சாட்சி என்று அலைய வேண்டும். பதியாத பிள்ளையைக் கிளினிக்கில் அம்மா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். "பேபி மலர்விழி!" என்று நர்ஸ் மிஸி கூப்பிடும்போதெல்லாம் சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனாலும் அவன் தரம் பார்க்கிறவன். அவசரப்படுவானா? நாலு கட்டம் போட்டு ஒரு செக்லிஸ்ட் எழுதினான். ஒன்று, நல்ல அர்த்தம். இரண்டு, எங்கேயிருந்து வந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். மூன்று, ஊருக்குத் தெரிந்த பேராக இருக்க வேண்டும், ஆனால் ஊரில் இன்னொருத்தருக்கு இருக்கக் கூடாது. நாலு, சொந்தக்காரர்கள் சண்டை போடக் கூடாது. குளிர்பெட்டியில் ஒட்டினான்.

"மாமா பேரையே வைங்களேன். அமுதினி கன்னையா. நல்லாத்தானே இருக்கு?"

"இன்டர்நெட்ல பார்த்துட்டேன் மலர். எந்தப் பேரு எத்தனை பேருக்கு இருக்குன்னு காட்டுது. கன்னையா ஆயிரக்கணக்குல இருக்காங்க. நாளைக்கு நம்மளத் தேடினா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நம்மள யாருங்க தேடப் போறா?"

சிவநேசன் அதையும் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தான்.

சரி, கொள்ளுத்தாத்தா பேரை எடுக்கலாம் என்று அப்பாவின் அண்ணன் அய்யாவு பெரியப்பாவுக்குப் போன் போட்டான்.

"கருப்பையாடா! நம்ம தாத்தா பேரு கருப்பையா. எழுதிக்க."

எழுதிக்கொண்டான். ஒரு பேச்சுக்கு வள்ளியம்மா அத்தையிடமும் கேட்டு வைத்தான்.

"கருப்பையாவா? அது உன் பெரியப்பாவோட மாமனாருடா! பொண்டாட்டிக்கு ஐஸ் வைக்கிறாரு. நம்ம தாத்தா பேரு சுப்பன்."

மறுபடி பெரியப்பா.

"சுப்பனா? டேய், சுப்பன் நம்ம தாத்தா வளர்த்த மாடுடா!"

அன்றோடு அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். மகளுக்கு மாட்டின் பெயரை வைக்க இருந்தோமே என்று சிவநேசனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. நாற்பத்தொன்றாம் நாள்.

பிறகு அவனே ஒரு பெயரை உண்டாக்கினான். பேரரசு.

"சிவநேசன் பேரரசு. எப்படி?"

"நல்லாருக்குங்க. பேரரசு, அந்தக் குப்பைய கீழ கொண்டுபோய்ப் போட்டுட்டு வரீங்களா?"

பேரரசு குப்பையோடு மின்தூக்கியில் இறங்கியது.

அந்தப் பெயர் ஊரில் செல்லுமா என்று பார்க்க, பிள்ளைக்கு டயாப்பர் ஆர்டர் பண்ணும்போது வீட்டு நம்பரை விட்டுவிட்டு சிவநேசன் பேரரசு என்று மட்டும் போட்டான். மூன்று நாள் பார்சல் வரவில்லை. நாலாம் நாள் போன் வந்தது.

"பாஸ், பேரரசுன்னு இங்க யாருமே இல்லேங்குறாங்க. கேட் செக்யூரிட்டி கார்டுகிட்டயும் கேட்டேன்."

"பி புளோக்குப்பா. பத்தாவது மாடி. லிஃப்ட் பக்கத்து வீடு."

"ஓ, மலர்க்கா வீடா! அதை முன்னாடியே சொல்லலாம்லா. மூணு நாளா சுத்துறேன்!"

சிவநேசனுக்குத் தூக்கம் போனது, பசி போனது. வேலையிடத்தில் விரிசல் விட்ட போல்ட்டு ஒன்றுக்கு 'பாஸ்' முத்திரை குத்தினான். குளிர்பெட்டியில் நாலு கட்டமும் காலி. நாள்காட்டியில் ஐம்பத்தேழு.

அன்று காலை மலர்விழி செக்லிஸ்ட்டைப் பிய்த்து எடுத்து வந்து, பேனாவோடு அவன் முன்னால் வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு பேரு இருக்குங்க. நீங்க எழுதின நாலுக்கும் சரியா வரும். ஆனா பேரை கடைசியிலதான் சொல்லுவேன்."

"அது எப்படி?"

"கம்பெனியில சாமானத்தைப் பார்த்து டிக் பண்ணுறீங்களா, செஞ்ச ஆளைப் பார்த்தா?"

சிவநேசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாமானத்தைத்தான்! நாலும் சரியா வந்தா அதான் பேரு. டிக் அடிச்சா அடிச்சதுதான்."

"அர்த்தம், பூ மாதிரி கண்ணு."

"அழகா இருக்கே!" டிக்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு சந்தேகமே வேணாம். அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்க உயிரோட இருக்காங்க. கேட்டா அவங்களே சொல்லுவாங்க."

"ஆதாரமே இருக்கா!" டிக்.

"மூணு புளோக்குலயும் தெரியும். அந்தப் பேருல வேற யாரும் இங்க இல்லை. கார்டுக்குத் தெரியும். பார்சல்காரருக்கும் தெரியும்."

சிவநேசனின் கை கொஞ்சம் நின்றது. ஆனால் ஐம்பத்தேழு நாள் பதற்றத்துக்கு யோசிக்க ஏது நேரம்? டிக்.

"நாலாவது, சொந்தக்காரங்க. பெரியப்பாகிட்ட நேத்தே பேசிட்டேன். சரின்னுட்டாரு. அத்தையும் சரின்னுட்டாங்க. அந்தச் சாக்குல ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க."

"பேசிக்கிட்டாங்களா!" நாலாவது டிக் தாளைக் கிழித்துக்கொண்டு போனது. "சொல்லு, சொல்லு, என்ன பேரு?"

"மலர்விழி."

எழுதப் பேனாவை ஊன்றிய சிவநேசன் நிமிர்ந்து பார்த்தான்.

"அது உன் பேருல்ல?"

"ஆமாங்க."

"அப்படின்னா... நானு?"

"நீங்க எங்கங்க போயிட்டீங்க? அமுதினி மலர்விழி ஏ/பி சிவநேசன். ஏ/பின்னா மகள்தானே, எப்பவும்போல பின்னாடி நிக்கிறீங்க."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கையெழுத்து அவனுடையது. கட்டம் அவனுடையது. டிக்கும் அவனுடையது. தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஐம்பத்தெட்டாம் நாள் இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். அன்று மத்தியானம் சிவநேசன் இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறார இட்லி சாப்பிட்டான்.

அறுபதாம் நாள் தடுப்பூசி. மலர்விழிக்கு மாவு ஆர்டர் நிறைய இருந்ததால் பிள்ளையோடு அவன்தான் கிளினிக்குக் கிளம்பினான். சட்டைப் பையில் புதுப் பிறப்புப் பத்திரம் இருந்தது. இனி யாரும் பேபி மலர்விழி என்று கூப்பிட முடியாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். மிஸி பத்திரத்தை வாங்கினாள், பிள்ளையின் பெயரை வாசித்தாள், ஏ/பி-யையும் அதற்குப் பின்னால் இருந்ததையும் விட்டுவிட்டு முந்தியதைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது, ஜெர்மன்காரனின் மிஸ்டர் இங்கே என்சிக் ஆகியிருந்தது.

"என்சிக் மலர்விழி!"

ஜெர்மனியில் மூன்று நாள் பிடித்தது. இங்கே சிவநேசன் முதல் கூப்பாட்டிலேயே எழுந்து நின்றான்.