அம்பாரத்தில் விழுந்த மை

"இது இன்னா சடையப்பா?"

முதலாளி குழந்தைசாமியின் விரல் உப்பு அம்பாரத்தின் மேல் நின்றது. ஆள் உயரத்துக்குக் கொட்டி, பலகையால் தட்டிச் சரிவு பிடித்த வெள்ளைக் குவியல். அதன் நெற்றியில் ஏழெட்டுக் கறுப்புச் சொட்டுகள், பேனாவை உதறியதுபோல.

பதில் சொல்வதற்குமுன் சடையப்பன் தன் தலையைத் தொட்டுக்கொண்டான். மேஸ்திரியாக இருந்த பதினெட்டு வருடத்தில் முதலாளியின் கேள்விக்கு அவன் தலையில் பதில் தேடியது இதுவே முதல் தடவை.

காரணம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மரக்காணம் கடைத்தெருவில் மணிகண்டன் சலூனில் உட்கார்ந்து, ஐம்பத்தேழு வயதுத் தலையை இருபத்தேழு வயதுக் கறுப்பாக்கிக்கொண்டு வந்திருந்தான். கேட்டவர்களிடம் பித்தத்துக்கு எண்ணெய் மாற்றியதாகச் சொன்னான். எண்ணெய்க்கு நரை இப்படிப் போகுமென்றால் மணிகண்டன் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு உப்பு வார வரவேண்டியதுதான். யாரும் நம்பவில்லை. மேஸ்திரியின் முகத்துக்கு நேரே சிரிக்க முடியாததால் பெண்கள் கூடைக்கு அடியில் சிரித்தார்கள்.

இப்போது திங்கட்கிழமை. வைகாசி வெயில் ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. வேர்வை ஊற்றியது. காலையிலிருந்து அம்பாரத்தைக் குனிந்து தட்டியது அவன்தான். கணக்குச் சரியாக இருந்தது.

"தண்ணிங்க," என்றான். "போர் தண்ணி மாறிப்போச்சி. அடியிலேர்ந்து சேறு ஏறுது."

சுத்தப் பொய். முதலாளி அதை வாயில் போட்டு மெல்லுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆமாங்க முதலாளி. நானும் பார்த்தேன். தண்ணி சரியில்ல."

மலர்கொடி. கூடையைக் கொட்டிவிட்டு நிமிர்ந்து நின்றாள். சடையப்பனுக்கு நெஞ்சு பூரித்தது. தான் சொன்ன பொய்க்கு ஒரு பெண் சாட்சி சொன்னால் அதை அன்பு என்று எடுத்துக்கொள்கிற ஆள் அவன்.

மை போட்டதே அவளுக்காகத்தான்.

இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தார்கள். வயசு வந்ததும் ஒரே உப்புப் பாத்தியில் வேலை செய்தார்கள். அவன் வார, அவள் சுமந்தாள். ஒரு முழு சீசன் அவன் வாய் திறப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவனுடைய அம்மா, உப்புச் சுமக்கிறவள் மருமகளாக வேண்டாம் என்றாள். சொன்னவளும் உப்புச் சுமந்தவள்தான். சடையப்பன் தலையாட்டினான். மலர்கொடி அவனுடைய சிநேகிதன் அப்பாவுவைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் கால் நட்டவன் சடையப்பன். ஆழமாக, நேராக நட்டான். அதில் குறை சொல்ல முடியாது.

பிறகு அவனுக்கு நாலைந்து இடத்தில் பெண் பார்த்தார்கள். போன வீட்டிலெல்லாம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால் மாப்பிள்ளை ஊமை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவு மாரடைப்பில் போனான். மகள் நிவேதா புருஷன் பிள்ளையோடு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். மலர்கொடி மறுபடியும் கூடை எடுத்துக்கொண்டு சடையப்பனின் பாத்திக்கே வந்தாள். போன மாதம் கொட்டகை நிழலில் டீ குடிக்கும்போது அவள், "நீயும் நரைச்சிட்டியே சடையா," என்றாள். "உனக்கு மட்டும் இன்னாவாம்?" என்றான் அவன். அவ்வளவுதான் பேச்சு. அவன் அதை நாலு வாரம் மனசில் ஊறப்போட்டு, ஐந்தாவது வாரம் சலூனுக்குப் போனான்.

வாய் திறந்து கேட்பதைவிடத் தலையைக் கறுப்பாக்குவது அவனுக்குச் சுலபமாகப் பட்டது.

முதலாளி போர்வெல் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பாத்தியில் இருந்த தண்ணீரையும் வெட்டி விடச் சொன்னார். பத்து நாள் வெயிலில் காய்ந்து, நாளைக்கோ மறுநாளோ உப்புப் பூக்க இருந்த தண்ணீர். மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டியவன் சடையப்பன். பத்து நாள் உழைப்பு ஓடையில் போனதை முப்பது பெண்கள் நின்று பார்த்தார்கள்.

மறுநாள் அவன் புத்திசாலித்தனமாக வந்தான். ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தலையில் கவிழ்த்து, அதன்மேல் துண்டைக் கட்டியிருந்தான். தலையைத் திருப்பும்போதெல்லாம் மொறமொறவென்று சத்தம் வந்தது. வேறு போர், வேறு பாத்தி, புது அம்பாரம். பதினோரு மணிக்கு அதிலும் மூன்று சொட்டு.

கவரில் ஓட்டை என்று முடிவு செய்தான். புதன்கிழமை இரண்டு கவர். அன்றைக்கு ஐந்து சொட்டு.

தினமும் காலையில் வீட்டில் கண்ணாடி பார்த்தான். ஒரு முடி வெளுக்கவில்லை. மணிகண்டன் கைராசிக்காரன் என்று அதில் ஒரு சந்தோஷம் வேறு.

"இது போர் இல்லடா," என்றார் முதலாளி. "ரெண்டு போர்லயும் எப்படிச் சேறு வரும்?"

சடையப்பன் சுற்றிலும் பார்த்தான். கண்ணுக்குத் தெரிந்தது பக்கத்து இறால் பண்ணை. பண்ணைக்காரர் கலியமூர்த்தி அவனுக்கு ஒரு கெடுதலும் செய்தவரல்ல. போன பொங்கலுக்கு ஒரு கிலோ இறால் சும்மா கொடுத்தவர்.

"பண்ணைக் கழிவு ஊறி வருதுங்க," என்றான்.

முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கலியமூர்த்தியின் வாசலில் நின்று, அவருடைய இறாலையும் பரம்பரையையும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தார். கலியமூர்த்தி திருப்பித் திட்டவில்லை. ஜேசிபி ஒன்றைக் கூப்பிட்டார். தன் நிலத்து வழியாக உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் வரும் வாய்க்காலில் நாலு கொத்து மண்ணை அள்ளிப் போட்டார். அரை மணி நேர வேலை. போர்கள் இரண்டையும் முதலாளி நிறுத்தியிருந்தார். இப்போது போரும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

வெள்ளிக்கிழமை புதுச்சேரியிலிருந்து தண்ணீர் சோதிக்கிற ஆள் வருவார், அதுவரை யாரும் வேலைக்கு வரவேண்டாம், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்த சீசன் முழுக்க மூடல் என்றார் முதலாளி. பெண்கள் போரைத் திட்டினார்கள், பண்ணையைத் திட்டினார்கள். பாப்பாத்தி மட்டும் யாரையும் திட்டவில்லை. மலர்கொடிக்கு அடுத்த கூடை அவளுடையது. எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு ஒரு தடவை பேசுகிறவள்.

மலர்கொடி அங்கேயே அறிவித்தாள். "நான் திருப்பூர் போறேன். நிவேதா ரொம்ப நாளா கூப்பிடுறா. வெள்ளிக்கிழமை பஸ்ஸு."

போனால் திரும்பி வரமாட்டாள். அது எல்லோருக்கும் தெரியும். பேரப்பிள்ளை மடியில் ஏறிவிட்டால் மரக்காணம் எங்கே இருக்கிறது என்றுகூட மறந்துபோகும்.

அன்று மாலை சடையப்பன் அவள் வீட்டுக்குப் போனான். அவள் பையில் சேலைகளை அடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளும் தலையைச் சுற்றித் துண்டு. அப்பாவு சபரிமலைக்குக் கட்டிப்போன கறுப்புத் துண்டு. இந்த மூன்று நாளாக வேலைக்கும் அதையேதான் காது மறையச் சுற்றி, அதன்மேல் கூடையை வைத்தாள். செத்தவன் துண்டைத் தலையிலிருந்து இறக்க மனசில்லாதவளிடம் தான் என்ன பேசுவது என்று சடையப்பன் வாசற்படியிலேயே பாதி தோற்றுவிட்டான்.

"இன்னா சடையா?"

"சும்மாத்தான்."

"சும்மா வர்ற ஆளா நீ."

அவன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். "திருப்பூர்ல தண்ணி சப்புன்னு இருக்கும்னு சொல்றாங்க."

"குடிச்சிப் பழகிக்கறேன்."

"தூரம் வேற."

"நடந்தா போறேன்? பஸ்ஸுல உக்காந்துதான போறேன்."

அவன் தலையாட்டினான். கவர் மொறமொறத்தது. அவள் கையில் மடித்த சேலையோடு நின்றாள்.

"வேற எதுனா சொல்லணுமா?"

"இல்ல."

"முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டப்பவும் இதையேதான் சொன்ன," என்று சொல்லிவிட்டு அவள் சேலையைப் பைக்குள் அமுக்கினாள். எதிர்வீட்டு வாசலில் அவளுடைய நாத்தனார் ராசம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் ஒன்றும் இல்லை. தம்பி பெண்டாட்டி தலையில் ஒரு முழம் பூ ஏறினாலும் தெருவுக்கே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக அவள் பார்க்கிற வேலை அது. சடையப்பன் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை வானம் மூடிக்கிடந்தது. சோதிக்கிற ஆள் சிலம்பரசன் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்து, உப்பளத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்குபோல நடந்தார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து அங்கேயே சோதித்தார். என்ன ஆகிறது என்று பார்க்க முப்பது பெண்களும் வந்திருந்தார்கள். மலர்கொடியும் கறுப்புத் துண்டோடு வந்திருந்தாள். ஒரு கையில் முதலாளியிடம் திருப்பித் தரவேண்டிய கூடை, இன்னொரு கையில் ஊருக்குப் போகிற பை. பதினோரு மணிக்குப் பஸ்.

"தண்ணியில ஒண்ணும் இல்ல சார்," என்றார் சிலம்பரசன். "ஆனா இந்தக் கறுப்பு எதுன்னு தெரியல. காரணம் தெரியாம உப்பை வெளிய அனுப்பக் கூடாது. இந்த சீசன் மூடிடுங்க. ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதணும்."

முதலாளி தலையில் கை வைத்தார். மலர்கொடி கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். ரோட்டுப் பக்கம் நாலு அடி வைத்தாள்.

"என் தலைதாங்க," என்றான் சடையப்பன்.

யாருக்கும் புரியவில்லை. அவன் துண்டை அவிழ்த்தான். முதல் கவரைக் கழற்றினான். இரண்டாவது கவரைக் கழற்றினான். நாலு நாளாக உள்ளே வெந்த தலை பளபளவென்று வெளியே வந்தது.

"தண்ணி மேலயும் தப்பில்ல. கலியமூர்த்தி மேலயும் தப்பில்ல. நான் தலைக்கு மை போட்டேன். வேர்வையில எறங்கி அம்பாரத்துல வுழுந்துடுச்சி. பயந்துக்கினு பொய் சொல்லிட்டேன்."

சிலம்பரசன் கறுப்பேறிய உப்புக் கட்டி ஒன்றை விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். "அட, ஆமா சார். ஹேர் டை."

முதலாளியின் முகம் சிவந்தது. பத்து நாள் தண்ணீர், அடைபட்ட வாய்க்கால், கலியமூர்த்தி வாசலில் திட்டிய திட்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. "ஐம்பத்தேழு வயசுல எவளுக்குடா மை போட்ட, நாயே?"

சடையப்பனின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. வழக்கமாக அதோடு முடிந்துவிடும். ஆனால் அவள் ரோட்டை நோக்கி இன்னும் ஒரு அடி வைத்திருந்தாள்.

"தோ, பையை மாட்டிக்கினு நிக்குதே, அதுக்கு." பிறகு முதலாளியை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "போவாத மலரு. என்கூட இரு. அப்பாவு துண்டு உன் தலையிலயே இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மலர்கொடி திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையாலும் துண்டின் முடிச்சை இன்னும் இறுக்கினாள். அதைப் பார்த்துச் சடையப்பனின் தோள் தொங்கிப்போனது.

"நாளையிலேர்ந்து நீ மேஸ்திரி கிடையாது," என்றார் முதலாளி. "கூடை தூக்கு. உன் அழகுத் தலை அதுக்காவது உதவட்டும். மொதல்ல கலியமூர்த்தி கால்ல போய் வுழு."

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு கவர்களை மடிக்க ஆரம்பித்தான்.

பாப்பாத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்திருந்த அவன் உச்சந்தலையை ஒரு தடவை பார்த்தாள். சுற்றிவந்து பிடரியை இன்னொரு தடவை பார்த்தாள்.

"மை உன் தலையிலேர்ந்து எறங்கியிருந்தா உன் தலை எப்படி மேஸ்திரி இன்னும் கரேல்னு இருக்குது?" என்றாள். "ஏய் மலரு, இன்னைக்குத்தான் வெயிலே இல்லியே, அந்தத் துண்டைக் கொஞ்சம் அவுத்துக் காட்டு, பார்க்கலாம்."