கிருமி வளர்க்கும் பெண்ணைப் பார்க்க வந்தார்கள்

ஓமந்தூர்,
புதன்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் தென்னரசு அவர்களுக்கு, தங்கள் தங்கை அம்மணியின் வீட்டுக்காரன் கண்ணையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் இக்கடிதம்.

போன ஞாயிறு எங்கள் மகள் கலையரசியைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வந்தார்கள். பையன் பெயர் தேவா, கூட அவர் தாயார். அந்தம்மா, "பொண்ணு விழுப்புரத்துல என்ன ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "கிருமி வளக்குதுங்க" என்றேன். வாய்க்குக் கொண்டுபோன காப்பியை அப்படியே கீழ வச்சிட்டாங்க. சமாளிக்கப் போய், "நோய் கீய் கிடையாதுங்க, எங்க கொல்லை மல்லாட்டை, கடலைச் செடியோட வேர் முடிச்சுல இருக்கிறதுதான், ஒண்ணுக்கொண்ணு ஜீனைக் குடுத்து வாங்கிக்கினு இருக்கும்"னு சொல்லிட்டேன் மச்சான், அந்தம்மா முந்தானையால மூக்கையே மூடிக்கினாங்க, அம்மணி என்னைப் பாத்தது அச்சு அசல் உங்க அப்பா பாக்கற பார்வை.

அப்பதான் தேவா, "கிருமி ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சுதானே பெருகும்? அப்புறம் எப்படி ஒரே இனமா நிக்குது?"ன்னு கேட்டாரு. நம்ம பொண்ணு தலை நிமிந்தா பாருங்க!

"அதத்தான் நான் பாக்கறேன். அப்படியே விட்டா ஒவ்வொரு வம்சமும் ஒவ்வொரு பக்கம் மாறிப் போயிடும். ஆனா பக்கத்துல இருக்கிறதோட ஜீன் துண்டை வாங்கி, தன்னோடதுல மாத்தி வச்சிக்குது. அதனாலதான் ரொம்ப விலகாம இருக்குது."

"யாருகிட்ட வேணா வாங்குமா?"

"ரொம்ப வித்தியாசப்பட்டதுன்னா அவ்வளவு சுலபத்துல ஒட்டாது."

பேசிக்கினே ரெண்டு பேரும் கொல்லைக்குப் போயிட்டாங்க, திரும்பி வரும்போது தேவா வெள்ளைச் சட்டையெல்லாம் மண்ணு, கையில வேரோட பிடுங்கின கடலைச் செடி, "அம்மா, காத்துல இருக்கிற சத்தை இந்த முடிச்சுதான் செடிக்குக் குடுக்குதாம்"னு காட்டறாரு. அந்தம்மா எட்டிப் பாத்தாங்க, தொட்டுப் பாத்தாங்க, கையைக் கழுவிக்கினு வந்து ஆறிப்போன காப்பியைக் குடிச்சிட்டு, "சூடா இன்னொரு டம்ளர் குடும்மா"ன்னாங்க. எனக்கு உசுரு வந்துச்சு. தையிலேயே கல்யாணம்னு பேசி முடிச்சாச்சு. இப்பவே லீவு சொல்லிடுங்க.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து வளரட்டும்.

தங்கள் அன்புள்ள,
கண்ணையன்

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள அந்தம்மா போன். "பொண்ணு ஆராய்ச்சிய முடிக்கட்டும், அப்புறம் கல்யாணம் வச்சிக்கலாம். இப்ப பண்ணா வர்றவங்களுக்குக் காப்பி கலக்கவே அதுக்குப் பொழுது போயிடும்"னாங்க. கலையரசிக்கும் சம்மதமாம். லீவு வேணாம் மச்சான். "அதுக்குள்ள பையன் மனசு மாறிட்டா?"ன்னு அந்தம்மாகிட்டயே கேட்டேன். ஆராய்ச்சிக்கு நம்ம கொல்லை மண்ணு மட்டும் பத்தலன்னு கலையரசி சொன்னாளாம், தேவா அவங்க கொல்லை மண்ணை மூட்டை கட்டிக்கினு விழுப்புரம் பஸ்ஸே ஏறிட்டாராம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டாராம்.