பாக்கியரத்தினத்தின் இருபத்து மூன்று சான்றிதழ்கள்

பிறர்நல விரும்பிகளில் ஒரு தனி வகை இருக்கிறது. நல்ல சமாசாரம் ஒன்று காதில் விழுந்தால் ‘இது எனக்கு’ என்று இவர்களுக்கு நினைக்கத் தெரியாது. ‘இது இன்னாருக்கு’ என்றுதான் நினைக்க வரும். கோயிலில் பிரசங்கியார் கோபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கூட்டத்தில் மைத்துனர் எங்கே இருக்கிறார் என்று திரும்பித் தேடுவார்கள். பத்திரிகையில் இரத்த அழுத்தம் பற்றிக் கட்டுரை வந்தால் அதைக் கத்தரித்து மடித்து எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளைகள் அதிகாலையில் எழும்ப வேண்டியதன் அவசியத்தைக் காலை ஒன்பது மணிக்குப் படுக்கையில் இருந்தபடியே விளக்குவார்கள். இவர்களை எங்கே பிடிக்கலாம் என்று கேட்கிறீர்களா? நீங்கள் பிடிக்க வேண்டியதில்லை. அவர்களே வந்து உங்களைப் பிடிப்பார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் திருகோணமலையில் சைக்கிளும் கையுமாகத் திரிந்த பாக்கியரத்தினத்தை இந்த வகைக்கு முழு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். எழுதுவினைஞராக இருந்து பென்சனோடு இளைப்பாறியவர். மனைவி குணேஸ்வரி உட்துறைமுக வீதியில் சாப்பாட்டுக்கடை நடத்தினாள். அந்தக் கடையில் பாக்கியரத்தினத்துக்கு இருந்த உத்தியோகம் ஒன்றே ஒன்றுதான், உப்புப் பார்ப்பது. சரியாகப் பதினொன்றரை மணிக்குக் குசினிக்குள் வருவார். சட்டியின் மூடியைத் திறந்து, அகப்பையால் கொஞ்சம் குழம்பை அள்ளி, இடது உள்ளங்கையில் விட்டு, நாக்கால் ஒரே வழியாக வழித்து, கண்ணை மூடிக்கொண்டு “காணும்” அல்லது “காணாது”, அதாவது உப்புப் போதும் அல்லது போதாது என்று தீர்ப்புச் சொல்லுவார். பிறகு அதே கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு அடுத்த சட்டியின் மூடியைத் திறப்பார். அவருடைய தகப்பனும் இப்படித்தான் உப்புப் பார்த்தார். ஊரில் எல்லோரும் இப்படித்தான் பார்த்தார்கள், பார்க்கிறார்கள்.

போர் நடந்த நாட்கள், கடைக்கு அது கெட்ட காலம். கடலுக்குப் போகப் பாஸ், நகரத்துக்குள் வரச் சோதனைச் சாவடி, பொழுது சாய முன்னரே இழுத்து மூடும் கடைத்தெரு என்று இருந்த நாட்களில் வெளியே வந்து சாப்பிட யாருக்கு மனம் வரும்? உட்காரப் பத்து வாங்குகள் போட்ட கடையில் மூன்று வாங்குகளுக்குத்தான் ஆள் இருந்தது. அந்த நேரத்தில்தான் துறைமுகத்தில் வேலை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், தன்னுடைய ஆட்கள் அறுபது பேருக்குத் தினமும் மத்தியானச் சோத்துப் பார்சல் கொடுக்கக் கூடிய கடையைத் தேடினார். இரண்டு நிபந்தனைகள் வைத்தார். கடையில் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற ஒருவர் சான்றிதழோடு இருக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது ஊர் வாயில் பி.எச்.ஐ. ஐயா, நேரில் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒன்றரை மாதம் தவணை. அந்தப் பார்சல் ஓடர் கிடைத்தால் கடை தப்பும். கிடைக்காவிட்டால் பூட்டுவதைத் தவிர வழியில்லை என்பது குணேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும்.

பயிற்சியும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று உணவுக்கடைக்காரர்களுக்கென்று இணையத்தில் இலவசமாக எட்டுப் பாடங்கள் போட்டிருந்தது. படம் பார்க்க வேண்டும், பேசுவதைக் கேட்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், சான்றிதழை அச்சடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். மூன்று தெரு தள்ளிச் சிறில் நடத்திய நெட் கபேயின் வாசலில் இந்த அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. குணேஸ்வரி கணவரைக் கூப்பிட்டு, ஒருக்காப் போய் அந்தப் படிப்பைப் படித்துக்கொண்டு வாங்கோ என்று அனுப்பினாள்.

போனார். அறிவித்தலை மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் வாசித்தார். கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அருமையான பயிற்சி, அதுவும் இலவசம்! உடனே அவர் மனதில் வந்தது பஸ் நிலையத்தடியில் கொத்துரொட்டிக்கடை வைத்திருந்த ஸஹாப்தீனுடைய முகம். கதிரையில் உட்காராமலே சைக்கிளைத் திருப்பினார்.

அன்றைக்குத் தொடங்கியது பிரசாரம். கையால் எழுதிய நோட்டீசுகளைச் சந்திக்குச் சந்தி ஒட்டினார். திருகோணமலையில் மாடுகளைப் போலத் தெருவில் மேயும் மான்கள் பசைக்கு ஆசைப்பட்டு அதில் பாதியைத் தின்றுவிட்டன, அவர் மறுநாள் மான் எட்டாத உயரத்தில் ஒட்டினார், அது மனிதருடைய கண்ணுக்கும் எட்டவில்லை. அப்பக்கடை, பணிஸ் போடும் பேக்கரி, கடலைச் சுண்டல் வண்டில், கல்யாண வீட்டுச் சமையற்காரர், ஒருவரையும் விடவில்லை. போகும் இடமெல்லாம் ஒரே வசனம்: “ஷெல்லுக்குத் தப்பின சனம் சம்பலுக்குச் சாகக் கூடாது.” இதைச் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைக்கும். தினமும் இருபது தரம் சொன்னார், இருபது தரமும் அடைத்தது.

சோதனைச் சாவடியில் ஒரு நாள் பையைத் திறந்து பார்த்த சிப்பாய், இது என்ன கடதாசி என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. பாக்கியரத்தினம் தனக்குத் தெரிந்த நாற்பது சிங்களச் சொற்களையும் செலவழித்துக் கை கழுவும் முறையை விளக்கினார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று செய்தும் காட்டினார். பின்னால் வரிசை கோட்டை வாசல்வரை நீண்டுவிட்டது. சாவடியில் ஆட்களை மறித்து வைப்பது இராணுவத்தின் வேலை. அதைத் தமிழர் ஒருவர் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான். கடைசியில் சிப்பாயே கும்பிட்டு அவரைப் போகச் சொன்னான்.

ஸஹாப்தீன் மட்டும் இலேசில் மசியவில்லை.

“ஐயா, எனக்கு இங்கிலீசும் தெரியாது, கொம்பியூட்டரும் தெரியாது. கொத்துத்தான் தெரியும்.”

“தமிழிலதான் கதைக்கிறாங்கள், ஸஹாப்தீன் நானா. படம் ஓடும், நீங்கள் பாத்தாக் காணும்.”

நான்கு நாட்கள் கடை வாசலில் நின்று, அவர் தகரத்தில் கொத்துகிற சத்தத்துக்கு மேலால் கத்தி, ஐந்தாம் நாள் ஆளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு வந்து சிறிலுடைய கதிரையில் இருத்திவிட்டார். உப்புவெளியில் றோல்சும் கேக்கும் செய்து விற்ற மாகிரட்டாலும், அடுப்பில் கேக் இருக்கிறது என்று சொல்லியும் தப்ப முடியவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டியது. நாலாம் பாடத்தில் சவர்க்கார நுரையோடு உறைந்து நின்ற ஒரு கைக்கு முன்னால் மாகிரட் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். பாக்கியரத்தினம் வாசலிலேயே நின்றார். உள்ளே இருப்பவர் ஆறாம் பாடத்துக்கு வரும்போது அடுத்த ஆளைக் கொண்டு வந்துவிட வேண்டுமே!

பயிற்சியில் சேர இமெயில் விலாசம் வேண்டும் என்றது கணினி. ஊரில் எந்த அப்பக்கடைக்கு இமெயில் இருக்கிறது? பாக்கியரத்தினத்துக்கு இருந்தது, கனடாவில் இருக்கும் தங்கைக்கு எழுதவென்று சிறில் திறந்து கொடுத்தது. அவர் யோசிக்கவே இல்லை. எல்லோருக்கும் தன்னுடையதையே கொடுத்துப் பதிந்தார். கொடுப்பதில் அவருக்கு என்றைக்குமே கஞ்சத்தனம் இருந்ததில்லை.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. குணேஸ்வரி சோறு போட்டுக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்.

“ஊருக்கெல்லாம் சேட்டிபிக்கட் எடுத்துக் குடுத்தா அந்த ஓடர் எங்களுக்கு எப்பிடி வரும்?”

“ஊர் முழுக்கச் சுத்தமானா எங்களுக்கும் நல்லதுதானே.”

“அது சரி. நீங்கள் படிச்சனீங்களோ?”

“நான்தானே படிப்பிக்கிறன்,” என்றார் பாக்கியரத்தினம். குணேஸ்வரி சோற்றின் மேல் சொதியை ஊற்றினாள்.

சிறிலுடைய அச்சு இயந்திரத்துக்கு மை கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்ததால் சான்றிதழ்கள் எல்லாம் தங்கிவிட்டன. மை வந்த நாளன்று நெட் கபேயில் திருவிழா. ஸஹாப்தீன் வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தார். மாகிரட் எல்லோருக்கும் கேக் கொண்டு வந்தாள். இயந்திரம் முனகி முனகி ஒவ்வொரு கடதாசியாகத் துப்பியது. தங்க நிறக் கரை, நடுவிலே முத்திரை, அதற்குக் கீழே பெயர். முதலாவதில் பாக்கியரத்தினம். இரண்டாவதில் பாக்கியரத்தினம். மூன்றாவது வரும்போதே சிறிலுக்கு வியர்த்துவிட்டது. இமெயில் யாருடையதோ அவருடைய பெயரைத்தான் கணினி போடும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. இருபத்து மூன்று பேர் படித்திருந்தார்கள். இருபத்து மூன்று தரமும் சித்தியடைந்தவர் பாக்கியரத்தினம்.

“ஐயா,” என்றார் ஸஹாப்தீன் மிகவும் அமைதியாக. “எட்டுப் பாடமும் படிச்சது நான். பாஸ் பண்ணினது நீங்களா?”

பாக்கியரத்தினம் கூனிக் குறுகித்தான் போனார். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் தன் பெயரை ஒரே நாளில் இருபத்து மூன்று தரம் தங்கக் கரைக்குள் பார்த்தால் யாருக்குத்தான் உள்ளுக்குள் கொஞ்சம் குளிராது? மற்றவர்களுக்கு உதவாத கடதாசிகள்தானே என்று எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிக் கடைக்குக் கொண்டு வந்தார். திருகோணமலையில் ஒரு மனிதர் ஒரே பயிற்சியில் இருபத்து மூன்று தரம் தேறியிருக்கிறாராம் என்ற செய்தி ஒப்பந்தக்காரருக்குப் போக இரண்டு நாட்கூட எடுக்கவில்லை. அவர் பி.எச்.ஐ. ஆனந்தராசாவிடம் முதலில் அந்தக் கடையைத்தான் பார்க்கச் சொன்னார்.

குணேஸ்வரி இரண்டு நாட்கள் நித்திரை இல்லாமல் கடையைத் தேய்த்தாள். சட்டிகள் பளபளத்தன. கை கழுவும் இடத்தில் புதுச் சவர்க்காரம். ஓடர் வந்துவிடும் என்று அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஆனந்தராசாவும் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். பாக்கியரத்தினம் வேட்டி கட்டி, திருநீறு பூசி, பாடங்களின் தலைப்புகளை வரிசையாக ஒப்பித்தபடி கூடவே நடந்தார். தலைப்புகள் அவருக்கு மனப்பாடம், நோட்டீசில் எழுதி எழுதி வந்தது. குசினிக்குள் நுழைந்தபோது நேரம் பதினொன்றரை.

“ஐந்தாம் பாடம், ருசி பார்த்தல்,” என்று பாக்கியரத்தினம் தொடங்கினார். “இதுக்கெண்டு தனிக் கரண்டி பாவிக்க வேணும். எங்கட சனத்துக்கு எவ்வளவு சொன்னாலும் இது ஏறுதில்லை, ஐயா.” வாய் ஐந்தாம் பாடத்தில் இருந்தது, கை பதினொன்றரை மணியில் இருந்தது. சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். அகப்பையால் அள்ளினார். உள்ளங்கையில் விட்டார். வழித்தார். கண்ணை மூடி, “காணாது” என்றார். வேட்டியில் கையைத் துடைத்து, அடுத்த மூடியைப் பிடித்த பிறகுதான் குசினி ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கண்ணைத் திறந்து பார்த்தார். குணேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனந்தராசா கோபிக்கவில்லை. “இருபத்து மூண்டு தரமும் இந்தப் பாடம் ஓடேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?” என்று மட்டும் கேட்டார்.

“வாசலில, ஐயா,” என்றார் பாக்கியரத்தினம். “அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வர நிண்டனான்.”

நல்ல காலம், ஆனந்தராசா சிரிக்கத் தெரிந்த மனிதர். ஒரு கிழமை, ஏழு நாள், தவணை தந்தார். சமைக்கிற ஆள் தன்னுடைய பெயரில், தானே இருந்து படிக்க வேண்டும் என்றார். குணேஸ்வரி மறுநாளே சிறிலுடைய கதிரையில் போய் உட்கார்ந்து இரண்டு நாட்களில் எட்டுப் பாடத்தையும் முடித்தாள். பக்கத்துக் கதிரையில் ஸஹாப்தீன், சொந்த இமெயிலோடு, இரண்டாம் தரம். ஓடர் வந்தது. அறுபது பார்சலில் முப்பது குணேஸ்வரிக்கு. மற்ற முப்பதும் ஸஹாப்தீனுக்கு, இரண்டு தரம் படித்த ஆளை ஒதுக்க ஒப்பந்தக்காரருக்கு மனம் வரவில்லை. முப்பது பார்சலில் கடை தப்பிவிட்டது. குணேஸ்வரி ஒரு சட்டம் மட்டும் போட்டாள்: படித்து முடிக்கும்வரை கணவர் குசினி வாசலைத் தாண்டக் கூடாது.

அது பாக்கியரத்தினத்தை வாட்டிவிட்டது. பதினொன்றரைக்குக் கை துடிக்கும், குழம்பு மணக்கும், உப்புக் காணுமோ காணாதோ என்று ஒருவரும் அவரைக் கேட்கமாட்டார்கள். ஆறாம் நாள் ரோசத்தோடு புறப்பட்டுப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கதிரையில் உட்கார்ந்தார். முதலாம் பாடம் ஓடியது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் ஓர் உள்ளங்கையை நுணுக்குக்காட்டியால் பெருப்பித்துக் காட்டினார்கள். அதில் ஊர்ந்த கிருமிகளைப் பார்த்ததும் பாக்கியரத்தினத்துக்கு மூச்சு நின்றுவிட்டது. நாலாவது நிமிடத்தில் எழும்பினார்.

“சிறில், இதை அந்த பி.எச்.ஐ. ஐயா பாத்திருக்கிறாரோ தெரியாது,” என்றார். சிறில் பதில் சொல்ல முன்னர் சைக்கிள் மணி தெருவில் கேட்டது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இதை வாசிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே உங்கள் மனதில் ஒருவருடைய முகம் வந்திருக்குமே, ‘அச்சொட்டாக அவரேதான், இதை அவர் கட்டாயம் வாசிக்க வேண்டும்’ என்று? அவருக்கு எப்படிக் கொடுக்கலாம், யார் மூலம் அனுப்பலாம் என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாகக் கொடுங்கள். புறப்பட முன்னர் உங்கள் இடது உள்ளங்கையை மட்டும் ஒரு தரம் விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.