அரை எஞ்சின் வம்சம்

முதன்முதலார் என்று ஒரு வகையினர் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்கள் எதையும் முதன்முதலாகச் செய்தவர்கள் அல்லர். செய்தவருக்குப் பேரனாகவோ கொள்ளுப்பேரனாகவோ பிறந்தவர்கள். பிறந்ததோடு தம் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பவர்கள்.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. நீங்கள் புதிதாக வாங்கிய மிக்ஸியைப் பற்றிப் பேச்செடுங்கள். கரண்டு பில்லைப் பற்றிப் பேசுங்கள். மழையைப் பற்றிப் பேசினாலும் போதும். "அந்தக் காலத்துலயே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் பாயசம் வரும்வரை பேசுவார்கள், வந்த பிறகும் பேசுவார்கள். துக்க வீட்டுக்கும் தவறாமல் வருவார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் கைகட்டி நின்று, தலையைக் குனிந்து, ஒரு பெருமூச்சு விட்டு, அழுதுகொண்டிருக்கும் மகனின் காதோரம் சொல்வார்கள்: "இவரு எண்ணெய் வாங்குனதெல்லாம் எங்க மில்லுலதான்." இறந்தவருக்கு இதைவிடப் பெரிய பெருமை உண்டா என்ன?

திண்டிவனத்தில், கிளியனூர் போகும் சாலையில் குடியிருக்கும் தாண்டவராயன் இவ்வகையில் குறை சொல்ல முடியாத ஒருவர். அவருடைய கொள்ளுத்தாத்தா தம்பியோடு சேர்ந்து, மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, ஆட்டி எண்ணெய் எடுக்க நீராவி எஞ்சின் ஒன்றை வரவழைத்தார். அது கப்பலில் வந்து, பாண்டிச்சேரியில் இறங்கி, மாடுகள் இழுக்க ஊர் வந்து சேர்ந்தது. எத்தனை மாடுகள் என்பது நீங்கள் கதை கேட்கும் ஆண்டைப் பொறுத்தது. தாண்டவராயனின் கல்யாணத்தின்போது எட்டாக இருந்தவை இப்போது இருபத்து நான்கு. நல்ல வளர்ச்சி.

பிறகு அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வந்து பாகம் பிரித்தார்கள். நிலத்தைச் சமமாகப் பிரித்தார்கள். மாடுகளைச் சமமாகப் பிரித்தார்கள். எஞ்சினையும் சமமாகப் பிரித்தார்கள். அண்ணனுக்குப் பாய்லர், தம்பிக்குச் சக்கரம். யாருக்கும் மனக்குறை இல்லை. எஞ்சின் அன்றோடு நின்றது.

தம்பி வழியில் வந்த சீனுவாசன் விழுப்புரத்தில் வாசலில் சக்கரத்தை நிறுத்தி, தங்க நிறப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். உறவில் எந்த விசேஷம் நடந்தாலும் இருவரும் சந்திப்பார்கள்.

"எஞ்சின்னாலே சக்கரந்தாம்பா. உங்கிட்ட இருக்கிறது வெறும் அண்டா."

"சுத்தறதெல்லாம் எஞ்சினா? அப்ப திருவக்கரை திருவிழாவுல ராட்டினம் சுத்துதே, அது யாரு கொள்ளுத்தாத்தா வாங்கினது?"

தாண்டவராயன் வீட்டுப் பாய்லருக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், அவர் மனைவி கிருஷ்ணவேணி இடியாப்பம் அவித்துக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்புகிறார். தினமும் அடுப்பெரிகிறது, ஆவி பறக்கிறது, இளவரசியும் பிரபாவதியும் வேலைக்கு வருகிறார்கள், குடும்பம் சாப்பிடுகிறது. இதைத் தொழில் என்று தாண்டவராயன் சொல்லி யாரும் கேட்டதில்லை. "வூட்டுல எதையோ அவிச்சிக்கினு இருக்காங்க" என்பார்.

கொட்டகைக்குப் போகப் பாய்லரைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கேதான் தொல்லை. பாய்லர் பக்கத்தில் தாண்டவராயன் கதையோடு உட்கார்ந்திருப்பார். ஆர்டர் கொடுக்க வந்த கல்யாணக் கான்டிராக்டர் ஒருவர், கப்பல் பாண்டிச்சேரியை நெருங்குவதற்குள் எழுந்து போய்விட்டார். கேன்டீன்காரர் ஒருவர் மாடுகள் வரை தாங்கினார். இரண்டு ஆர்டர்களும் வேறு இடத்துக்குப் போயின.

ஆகவே, கண்டமங்கலத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி நடத்தும் லூர்துமேரி நேரில் பார்க்க வருவதாகச் சொன்னதும், கிருஷ்ணவேணி கணவரை உட்கார வைத்தார்.

"ஏங்க, இந்த ஆர்டரும் போச்சின்னா இளவரசிய நிறுத்திடணும். அவ வூட்டுல அவ ஒருத்திதான் சம்பாதிக்கிறா. இன்னிக்கி ஒரு நாளு வாயத் தொறக்காதீங்க."

"தொறக்கல."

"எஞ்சின்?"

"சொல்லல."

"மாடு?"

சற்று யோசித்தார். "அவங்களே கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. இதுவரைக்கும் யாரு கேட்டாங்க?"

லூர்துமேரி வந்தார். தாண்டவராயன் கும்பிட்டார், சிரித்தார், வாயைத் திறக்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போயிருக்க வேண்டிய லூர்துமேரி பாய்லர் முன்னால் நின்றார்.

"இதுதான் அந்த எஞ்சினா சார்?"

வாழ்நாள் முழுக்க ஒருவர் காத்திருந்த கேள்வி, வரக் கூடாத அந்த ஒரு நாளில் வந்தது. கிருஷ்ணவேணி கண்ணை மூடிக்கொண்டார்.

"அரை எஞ்சின்தாங்க மேடம். அந்தக் காலத்துலயே எங்க கொள்ளுத்தாத்தா இருபத்துநாலு மாட்ட பூட்டிக்கினு…"

"தெரியும் சார். எங்க வூட்லயும் சொல்வாங்க. எங்க தாத்தாவோட அப்பா சவரிமுத்துதான் இதுக்கு நெருப்பு போட்டவரு. இந்தப் பக்கத்துலயே மொதமொதல்ல எஞ்சின் ஓட்டினது அவருதான்."

முதன்முதலார் இருவர் ஒரே பாய்லர் முன் சந்திப்பது அபூர்வம்.

"ஓட்டினது எங்க கொள்ளுத்தாத்தாங்க."

"அவரு நாற்காலியில உக்காந்துகினு இருந்தாராம். கிட்ட வந்தா வேட்டி கரியாயிடும்னு."

"வெறகு எங்களுதுங்க!"

"கை எங்களுது சார்."

"இடியாப்பம் ஆறிப்போவுதும்மா" என்றார் கிருஷ்ணவேணி.

லூர்துமேரி உள்ளே போய், தேங்காய்ப் பாலில் ஊற வைத்துச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "திங்கக்கெழமையிலேர்ந்து அனுப்பிடுங்க. ஒண்ணே ஒண்ணு. சார் இந்தக் கதைய எங்க சொன்னாலும் சவரிமுத்து பேரையும் சொல்லணும்."

"வெலைய வேணும்னா கொஞ்சம் கொறச்சிக்கலாங்க மேடம்" என்றார் தாண்டவராயன்.

"வெல சரியாத்தான் இருக்குது. பேரு?"

அந்தப் பெயர் அவருக்குப் புதிதல்ல. அவருடைய அப்பா கதை சொல்லும்போது அது வரும். இவர் சொல்லத் தொடங்கியபின் மாடுகளுக்கு இடம் தேவைப்பட்டதால் விடுபட்டுவிட்டது. இளவரசி மாவுக் கையோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணி அவரைப் பார்க்கவே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சவரிமுத்து" என்றார்.

"என்ன சார்?"

"சவரிமுத்து… நெருப்பு போட்டாரு."

ஆர்டர் கிடைத்தது. இளவரசி வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாள். தாண்டவராயனும் வாக்குத் தவறவில்லை. போன வாரம்கூட ஒரு காதுகுத்தில் சீனுவாசனிடம் சொன்னார்: "எஞ்சினுக்கு நெருப்பு போட்ட ஆளு பேர இன்னி வரைக்கும் சொல்லிக்கினு இருக்கிற மொத குடும்பம் எங்க குடும்பந்தாம்பா. உங்கிட்ட சக்கரம் இருக்குது. பேரு இருக்குதா?" சீனுவாசன் இப்போது சக்கரத்துக்கு எண்ணெய் போட்டவர் யாரென்று விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

கண்டமங்கலத்தில் லூர்துமேரி காலைதோறும் சவரிமுத்துவின் கதையைச் சொல்கிறார். பெண்கள் பஸ்ஸைப் பார்த்தபடி வேகமாகச் சாப்பிடுகிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் தெருவில் முதன்முதலில் டி.வி. வந்தது யார் வீட்டுக்கு? "அது வந்து, எங்க வீட்டுக்குத்தான்" என்று நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, இல்லையா? சொல்லுங்கள், கேட்கிறோம். அந்த டி.வி.யைக் கடையிலிருந்து சுமந்து வந்து வைத்தாரே ஒருவர், அவர் பேர் என்ன?